நோவாவின் மழையும் யோசேப்பின் களஞ்சியமும்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று எங்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வகுப்புச் சிறுமியர். நவம்பர் முழுவதும் மழை. பள்ளி திறந்த நாள்களைக் காட்டிலும் மூடிய நாள்களே மிகுதி. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப் போயிற்று என்று கேள்விப்பட்டதும் கைகொட்டிக் குதித்தோம். மழை என்றால் விடுமுறை. அதற்கு மேல் அந்த வயதில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றிரவு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் குடியிருந்த எங்கள் தோழியர் சிலர், மாடிப்படியில் தாயின் மடியோடு ஒட்டி அமர்ந்து, படிப்படியாக ஏறி வந்த தண்ணீரை எண்ணிக் கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ. மீ.

அதே சிறுமியர் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். குடிப்பதற்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. அது 2019-ஆம் ஆண்டு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்நிலைகளும் ஏறக்குறைய முற்றிலும் வறண்டு போயின. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு இரயிலில் வந்து சேர்ந்தது. எங்கள் தெருக்களிலோ, இரவு இரண்டு மணிக்கு லாரி வரும் என்றால் ஒன்றரை மணிக்கே குடங்கள் வரிசையில் நின்றன.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட இல்லை. ஊர் அதே ஊர். வானம் அதே வானம். பெரியவர்கள் முதலாவதை வெள்ளம் என்றார்கள், இரண்டாவதை வறட்சி என்றார்கள். எங்களுக்கு இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாகவே தோன்றுகின்றன. அந்நோய் வானத்தில் பாதியும் தரையில் பாதியுமாக இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் எண்ணத்தைச் சொல்லவே இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டோம். பெற்றோர்கள் எங்கள் துணிவைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ. மீ. மழை பெய்வதாகப் புவியியல் பாடத்தில் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்த 140 செ. மீ. என்பது சராசரி. சராசரி மழை எந்த ஆண்டிலும் பெய்வதில்லை! 2015 நவம்பர் என்னும் ஒரே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 105 செ. மீ. கொட்டித் தீர்த்தது. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதற்குமாகக் கணக்கிட்டால் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்து போயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயல் மரங்களைச் சாய்த்ததே தவிர, ஏரிகளை நிரப்பவில்லை. 2018-இலும் பருவமழை ஏமாற்றியது. 2019-இன் வறட்சி திடீரென்று வந்ததன்று. மூன்று ஆண்டுகளாக நடந்து வந்தது.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பெரியதொரு காரணம் நம் கண்ணுக்கெட்டாத பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடேறுகிறது. பெரு நாட்டு மீனவர்கள் இச்சூட்டைக் கிறிஸ்துமஸ் காலத்தில் உணர்ந்தமையால், குழந்தை இயேசுவைக் குறிக்கும் சொல்லாகிய 'எல் நினோ' என்பதையே அதற்குப் பெயராக இட்டார்கள். குழந்தையின் பெயர்தான், குணம் அப்படியன்று. கடல் சூடேறும் இடத்தை நோக்கி மேகக் கூட்டம் நகர்ந்துவிடுகிறது. அதனால் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைத்துப் போகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் பின்னணியில் அப்படிப்பட்ட கடுமையான எல் நினோ ஒன்று இருந்ததென்று இன்று அறிகிறோம். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்னும் கணித மேதை, உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்தக் குறிப்புகளை ஒப்பிட்டு, பசிபிக்கின் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் தராசு போன்ற ஆட்டம் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் தேடியது நம் நாட்டுப் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் வழியை. கண்டதோ உலகத்துக்கே பொதுவானதொரு விதி.

வியப்பு என்னவென்றால், எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவம் மெலிந்தாலும், நமக்குரிய வடகிழக்குப் பருவம் பல வேளைகளில் வலுத்துவிடுகிறது. 2015 அப்படித்தான்: நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைவு, தாம்பரத்திலோ படகு. ஆனால் இதை வாய்ப்பாடுபோல ஒப்புவிக்க இயலாது. எல் நினோவின் எதிர்நிலையான லா நினா நிலவிய 2021-இல் நமக்கு மழை குறைந்திருக்க வேண்டும். மாறாக அந்த நவம்பரில் சென்னைத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். வானிலை அறிவிப்பு தவறினால் தொலைக்காட்சியில் வருகிறவரைப் பரிகசிக்கும் வழக்கம் எங்களுக்கும் உண்டு. இதையெல்லாம் படித்த பிறகு கொஞ்சம் குறைத்துக் கொண்டோம்.

வானம் ஒரு மடங்கு மாறினால் ஆறு பல மடங்கு மாறும். இது எங்களுக்குப் பாடநூலைவிட வாசல் தெளிப்பதில் நன்றாக விளங்கியது. சித்திரை வெயிலில் மண் வாசலில் ஊற்றிய முதல் வாளித் தண்ணீரைத் தரை குடித்துவிடும். தெருவுக்கு ஒரு சொட்டும் போகாது. ஐப்பசியில் நனைந்து கிடக்கும் அதே வாசலில் அரை வாளி ஊற்றினாலும் அத்தனையும் எதிர்வீட்டு வாசலுக்கு ஓடும். 2015 நவம்பர் மழையில் தரை தன் தாகத்தைத் தீர்த்துக் கொண்டது, ஏரிகளும் நிரம்பிவிட்டன. டிசம்பர் முதல் நாள் விழுந்த மழைக்குப் போக இடமே இல்லை. விழுந்ததெல்லாம் ஆறாயிற்று. இதே கணக்கு மறுபக்கமும் உண்டு. மழை கால்வாசி குறைந்தால் ஏரிக்கு வரும் நீர் கால்வாசி மட்டும் குறைவதில்லை. தரை தன் பங்கை முதலில் எடுத்துக் கொள்ளும், மிச்சம்தான் ஏரிக்கு.

நம் ஆற்றை நாம் ஆறு என்று எண்ணுவதே இல்லையே! அடையாறு என்றால் இரயிலில் சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடம் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். அது ஆதனூர் ஏரிப் பக்கத்தில் பிறந்து, மணிமங்கலம், ஒரத்தூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரையும் சேர்த்துக் கொண்டு, நம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் உரசி, திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம் வழியாக 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. மலையில் பிறந்த ஆறன்று; ஏரிகளின் கலங்கல் வழிந்து பிறந்த ஆறு. ஏரி நிரம்பினால்தான் அதற்கு உயிர். நம் முன்னோர் ஓர் ஏரியின் மிச்சத்தை அடுத்த ஏரிக்கும், அதன் மிச்சத்தை அதற்கடுத்த ஏரிக்கும் விட்டு, எல்லாம் நிரம்பிய பிறகே ஆற்றுக்குக் கொடுத்தார்கள்.

2015 வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் உடனே சொல்வது செம்பரம்பாக்கம். அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது உண்மை. அது முன்னதாகத் திறக்கப்பட்டிருக்க வேண்டுமா என்று நாடெங்கும் வாதிட்டார்கள், வாதிட வேண்டியதுதான். ஆனால் படம் ஒன்றை விரித்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது! முடிச்சூரை மூழ்கடித்தது செம்பரம்பாக்கத்து நீர் அன்று. மேலேயுள்ள பல சிற்றேரிகள் ஒரே இரவில் வழிந்தும் உடைத்துக்கொண்டும் வந்த நீர். ஒரு மதகையும் ஒரு பொறியாளரையும் குற்றம் சாட்டுவது எளிது. தூர்ந்த வரத்துக் கால்வாய், குறுகிய ஓடை, கரைமேல் எழுந்த வீடு, ஏரிக்குள் கொட்டிய குப்பை ஆகியவற்றுக்கு ஒரு பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட முடிவதில்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சச்சரவு எழுந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "ஆற்றுக்குள் வீடு கட்டினால் தண்ணீர் வராதா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். முடிச்சூர்த் தோழி ஒருத்தி எழுந்து நின்றாள். அவள் தந்தை வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி மனை வாங்கினார். விற்றவர் வரைபடம் காட்டினார், பத்திரம் பதிவாயிற்று, மின்சாரம் வந்தது, வீட்டு வரி வாங்கினார்கள். "அது வெள்ளம் பாயும் இடம் என்று யாருமே சொல்லவில்லையே. 2015-இல் மூழ்கினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கினோம். விற்றுவிட்டுப் போகலாம் என்றால் எங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் வாங்க வருகிறவர் திரும்பிப் போகிறார்" என்றாள். அதற்கு மேல் வகுப்பில் யாரும் பேசவில்லை. நாங்கள் அவள் பக்கம். ஏரியைக் கூறு போட்டு விற்றவரும் அதற்கு ஒப்பமிட்டவரும் மேட்டில் இருக்க, கடன் வாங்கி வாங்கியவர் பள்ளத்தில் நின்று ஏச்சும் கேட்க வேண்டுமென்பது நியாயமாகாது.

பழைய எகிப்துக்கு இப்போது ஒரு நொடி போவோம். பார்வோன் கண்ட கனவும், கொழுத்த பசுக்கள் ஏழும் மெலிந்த பசுக்கள் ஏழும், வளமான ஏழாண்டுகளில் தானியத்தைச் சேர்த்து வைக்குமாறு யோசேப்பு சொன்ன யோசனையும் மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் கேட்ட கதைதான். அந்த எகிப்தின் நைல் நதியும் நம்முடையவை போலவே வெப்பமண்டல மழையை நம்பியது. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடைப் பருவமழையே அதன் வெள்ளம். கெய்ரோவில் ரோடா என்னும் தீவில் நைல் நதியின் உயரத்தை நூற்றாண்டுக் கணக்காக அளந்து குறித்து வைத்தார்கள். ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்நாட்டில் பல பத்தாண்டுகள் தங்கி அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து, 1951-இல் தம் முடிவை வெளியிட்டார். நல்ல ஆண்டுகள் நல்ல ஆண்டுகளோடும், கெட்ட ஆண்டுகள் கெட்ட ஆண்டுகளோடும் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஆகவே சராசரியை மட்டும் நம்பிக் கட்டும் அணை போதாது, அதைவிடப் பெரிய களஞ்சியம் வேண்டும் என்பது அவர் கண்டது. 1968-இல் மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து இதற்கு 'யோசேப்பு விளைவு' என்றே பெயரிட்டார். ஒரே நாளில் எல்லா அளவையும் மீறிக் கொட்டும் பேய்மழைக்கு அவர்கள் வைத்த பெயர் 'நோவா விளைவு'. விஞ்ஞானக் கட்டுரை ஒன்றில் நோவாவையும் யோசேப்பையும் கண்டபோது எங்கள் மறைக்கல்வி ஆசிரியையான அருட்சகோதரி எங்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள்.

நைலின் கணக்கு நம் அடையாற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாங்கள் சாதிக்கவில்லை. ஆயினும் நோவா எங்கள் ஊருக்கு வந்து போனதை எட்டு வயதில் பார்த்தோம். 2023-இல் மீண்டும் ஒரு முறை பார்த்தோம். நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு அது. மிக்ஜாம் கடந்த இரண்டு வாரத்துக்குள் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ. மீ. பெய்து தாமிரபரணி பெருக்கெடுத்தது. அதே 2023 அக்டோபரில் பிரேசில் நாட்டு மனவுஸ் நகரில், அமேசானின் பெருங்கிளையான ரியோ நெக்ரோ நூறாண்டுக்கும் மேற்பட்ட பதிவுகளில் காணாத அளவுக்குத் தாழ்ந்து, படகுகள் சேற்றில் நின்றன. அந்த ஆண்டும் எல் நினோ ஆண்டு. உலகம் சூடேறச் சூடேற, ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். கொட்டும்போது இன்னும் அதிகமாகக் கொட்டும் என்பது அதன் பொருள்.

அப்படியானால் யோசேப்பு எங்கே? இதுதான் எங்கள் கேள்வி.

2015-க்குப் பிறகு பல வேலைகள் நடந்தன. அடையாறு அகலப்படுத்தப்பட்டது. ஒரத்தூரில் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் பணி தொடங்கிற்று. அது யோசேப்பின் வேலை, வரவேற்கிறோம். ஆனால் நம் தெருக்களில் மிகுதியாகக் காண்பது கான்கிரீட் வடிகால்தான். மழை பெய்ததும் எத்தனை விரைவாகத் தண்ணீரைத் துரத்தலாம் என்பதே அதன் நோக்கம். முழங்கால் நீரில் நடந்து வந்த எங்களுக்கு வடிகால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் கேட்கிறோம். நேரே ஆற்றில் முடிந்தால், நம் தெருவின் நீர் இரண்டு மணி நேரத்தில் அனகாபுத்தூர்க்காரர் தெருவுக்குப் போகும். மே மாதத்தில் நாம் அதே நீருக்கு லாரிக்காரரிடம் காசு கொடுப்போம். வடிகால் முதலில் ஏரியில் முடிய வேண்டும். ஏரியின் கலங்கலிலிருந்துதான் ஆற்றுக்குப் போக வேண்டும்.

முடியாத காரியமா? இரயில் பாதைக்குக் கிழக்கே சிட்லபாக்கத்தைப் பாருங்கள். குப்பையும் கழிவுநீருமாகக் கிடந்த அந்த ஏரியில் 2019 வறட்சியின்போது ஊர் மக்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். பிறகு அரசும் நிதி ஒதுக்கிச் சீரமைத்தது. அந்தப் பக்கத்து ஏரிகளான சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஆகியவற்றின் மிச்சம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேருகிறது. அச்சதுப்பு நிலத்தில் எஞ்சியதில் சுமார் 1,250 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் என்னும் பன்னாட்டு மதிப்புக் கிடைத்தது. மதிப்புப் பட்டயம் கிடைத்த பிறகும் அதன் ஓரத்தில் கட்டடங்கள் எழுவதைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கிறோம்.

ஊருக்குச் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்கலாமா? நம் பள்ளியின் பெரிய கட்டடத்து மாடியை, இயற்பியல் ஆசிரியையின் அனுமதியோடு, நாடாவால் அளந்தோம். கணக்குக்கு வசதியாக ஆயிரம் சதுர மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு செ. மீ. மழை பெய்தால் அம்மாடியில் விழும் நீர் 10,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். சராசரி ஆண்டொன்றில் 14 லட்சம் லிட்டர். ஜோலார்பேட்டை இரயில் ஒரு நடையில் கொண்டு வந்ததில் பாதிக்கு மேல்! தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாகி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. நம் பள்ளியிலும் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் மேற்குப் பக்கத்துக் குழாய் இரண்டும் உடைந்து, நீர் விளையாட்டு மைதானத்தின் ஓரமாகச் சாலைக்கு ஓடுகிறது. கீழே உள்ள உறிஞ்சு குழியைத் திறந்து பார்த்தோம். சருகும் மண்ணும் சில இறகுப்பந்துகளும் இருந்தன. அவற்றுக்கு நாங்களே பொறுப்பு.

மடத்தின் பின்புறம் கன்னியர் ஒரு காலத்தில் நீர் இறைத்த பழைய கிணறு, இரும்பு மூடியிட்டுக் கிடக்கிறது. மேற்குக் குழாய்களைச் சரிசெய்து, மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டி ஒன்றின் வழியாக அந்நீரை அக்கிணற்றில் விடலாம். மதிப்பிற்குரிய மடத்து அன்னை அவர்களிடமும் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடமும் இதை விண்ணப்பமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிணற்றின்மேல் வாகன நிறுத்தம் கட்டும் யோசனை ஒன்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்ததாகக் கேள்விப்பட்டோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட இடமில்லாமல் பெற்றோர் படும் தொல்லை எங்களுக்குத் தெரியும். ஆனாலும், அன்புள்ள பெற்றோரே, அந்தக் கிணற்றை மட்டும் விட்டுவிடுங்கள். வாயிலுக்கு நூறு அடி தள்ளி இறக்கிவிட்டால் நாங்கள் நடந்து வருகிறோம்.

அதோடு மாதா கெபியின் அருகே, மரநிழல் படாத இடத்தில், ஒரு மழைமானி வைக்கவும் அனுமதி கேட்டிருக்கிறோம். அளவுக் குவளை ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. புனலும் பாத்திரமும்தான் வாங்க வேண்டும். வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அளப்பது போலவே காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். பதிவேட்டுக்கு நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கோடு போட்டுவிட்டோம். மார்ச்சில் நாங்கள் போன பிறகு ஒன்பதாம் வகுப்பு மாணவியர் அதை ஏற்றுக் கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அளப்பவர் யார் என்பதுதான் முடிவாகாமல் இருந்தது; பூசை முடிந்து திரும்பும் வழியில் பார்த்து எழுதி வைப்பதாக விடுதி மாணவியர் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.